நாட்டுடைமையும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே முதலாளியிடம்தான் ஓட்டினார். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், காலையில் ஷெட்டுக்கு வந்து முதலாளி கண்ணில் படும்படி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். முகம் காட்டாதவனின் வண்டி மறுநாளே வேறொருவன் கைக்குப் போய்விடும். இவர் காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் உட்காருவார். நான் வாய்க்கு வந்தபடி முதலாளியைத் திட்டுவேன். "மெதுவாப் பேசு, காதுல விழுந்துடப் போகுது" என்பார், முதலாளி என்னவோ எங்கள் அடுப்படியில் ஒளிந்திருப்பது போல.

பிறகு பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நாட்டுடைமை என்று ரேடியோவில் சொன்னார்கள். இவர் வண்டியின் கண்டக்டர் வீட்டுக்கே வந்து விளக்கினார்.

"வண்டி இனிமே ஒருத்தரோடது இல்லண்ணே. எல்லாரோடதும்."

"எல்லாரோடதும்னா, லீவு யாருகிட்டடா கேக்கறது?" என்றார் இவர்.

அந்த வருடமே இவருக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆனது. ஒரு மாதம் படுத்தே இருக்கச் சொன்னார் டாக்டர். புது நிர்வாகமும் லீவு கொடுத்தது. இவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. "வேலை போச்சுன்னா பிள்ளைங்களுக்கு என்னடி பண்றது?" என்று ஒரே புலம்பல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால் கட்டில் காலி. காக்கிச் சட்டையையும் காணோம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஷெட்டுக்கு ஓடினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதிரே புது மேனேஜர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க சார். முகம் காட்ட வந்திருக்காரு" என்று பழைய வழக்கத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேனேஜர் பெஞ்சில் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க வேலை எங்கயும் போகாதுண்ணே. யாரும் நினைச்சபடி எடுக்க முடியாது, இப்ப சட்டம் இருக்கு. போய்ப் படுங்க" என்றார். இவர் ஓட்டும் வண்டியிலேயே எங்களை ஏற்றியும் அனுப்பினார். "கிளட்ச்சை மெதுவா விடுப்பா" என்று வழியெல்லாம் மாற்று டிரைவரின் உயிரை எடுத்தார் இவர்.

வீட்டுக்கு வந்து படுத்தார். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர்கள் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்திக்கொண்டே கஞ்சி வைத்தேன். கொண்டுபோனபோது வெயில் முகத்தில் அடிக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து, விடிந்த பிறகு அவர் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.