ஜோதி இரண்டாம் முறை கூப்பிட்டது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் இதைச் சொல்லும்போது நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. துணியில் ஓட்டை, கறை பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்பதாலோ என்னவோ, செல்போனில் செய்கிற ஒரு வானியல் வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. தொலைநோக்கி எடுத்த படங்களை அனுப்புவார்கள், சம்பளமெல்லாம் கிடையாது, படத்தின் நடுவில் கேலக்ஸிகள் கூட்டமாக மஞ்சளாகத் தெரியும், அதைச் சுற்றி வில் போல நீலக் கீற்று இருக்கிறதா என்று நாம் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தின் கனத்தில், பின்னால் வெகுதூரத்தில் இருக்கிற கேலக்ஸியின் ஒளி வளைந்து வருமாம். ஒன்றே பலவாகத் தெரியுமாம். ஒரு வழியில் வந்த ஒளி முன்னால் சேர்ந்துவிடும், சுற்றி வந்தது வருடம் கழித்தும் வரும் என்று அதில் எழுதியிருந்தார்கள்.

போன வருடம் ஒரு சாயங்காலம் டீ நேரத்தில் அப்படியொரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி ஜோதி கூப்பிட்டாள். கீற்று மாதிரி ஏதோ தெரிந்தது, அப்புறம் பேசலாம் என்று கட் செய்துவிட்டேன். வீட்டுக்குப் போனபோது சமையல்கட்டில் விழுந்து கிடந்தாள். மாரடைப்பு. உயிர் இல்லை.

ஏழு மாதம் அந்தப் படங்களைத் தொடவில்லை. பிறகு ஒருநாள், கம்பெனியில் அதே டீ நேரம், வெளியே மழை, மனசு கேட்காமல் திறந்தேன். முதல் படத்திலேயே கீற்று. போன் அடித்தது. ஜோதி என்று வந்தது. அவள் போன் சார்ஜ் இல்லாமல் பீரோவுக்குள் கிடக்கிறது, சாவி என் இடுப்பில். நம்புங்கள், எடுக்கிற அவசரத்தில் ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது.

"ஏனுங்க, நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுதுங்க. சித்த வாங்க."

"இதா வந்தர்றேன் ஜோதி, இதா வந்தர்றேன்."

"பதறாதீங்க. வண்டிய மெதுவா ஓட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். மழையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீடு பூட்டியபடி இருந்தது. பீரோவும்தான். என் போனில் அழைப்பு வந்த தடமே இல்லை. என் மூளைதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து அன்று இரவு முழுக்கச் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் யேசுராஜ், என் பக்கத்து மேஜைக்காரர், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர், என் வீட்டுக் கதை எதுவும் தெரியாதவர், மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, வீட்ல அக்காவுக்கு இப்ப பரவால்லையா?"

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நேத்து போன்ல பின்னால பச்சப்புள்ள ஒண்ணு அழுதுகிட்டே இருந்துச்சே. உங்க புள்ளையா?"

எங்களுக்குக் குழந்தை கிடையாது. பதினோரு வருடம் ஏங்கியும் இல்லை. எனக்கு அந்த அழுகை கேட்கவும் இல்லை.

"ஆமாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.