குடத்தில் பிடித்த தண்ணீர்

1. உப்புக்குப் பழகிய கை

நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் ஃபீல்டு டெக்னீஷியனாக இருந்தேன். அதில் இருபத்தைந்து வருடம் நான் அளந்ததெல்லாம் உப்புதான். டிடிஎஸ், குளோரைடு, நைட்ரேட். உப்பு சாது. குடத்தில் பிடித்தாலும் இருக்கும், பாட்டிலில் அடைத்து ஷேர் ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போனாலும் இருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்புதான் எங்கள் ஜியாலஜிஸ்ட் சந்தானம் சார் ரேடான் மீட்டர் வாங்கினார். தண்ணீரில் கரைந்திருக்கும் ரேடான் வாயுவை நின்ற இடத்திலேயே அளந்து சொல்லும் பெட்டி அது. பாறை இடுக்கில் ஓடிவரும் தண்ணீரில் ரேடான் நிறைய இருக்கும். ஏரித் தண்ணீரில் அநேகமாக இருக்காது, காற்றோடு போய்விடும். ஆகவே ஒரு கிணற்றில் ஊறுவது ஏரிக் கசிவா, பாறைத் தண்ணீரா என்று கண்டுபிடிக்கலாம்.

முதல் வேலை பிள்ளைப்பாக்கம் பக்கம் வந்தது. வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு ஃபாக்டரி இரண்டாவது போர்வெல் போட அனுமதி கேட்டிருந்தது. அதன் மதிலை ஒட்டி, ஏரிக்குப் பக்கத்தில், கஸ்தூரி என்பவருக்கு ஒரு ஏக்கர் நிலமும் கிணறும். கீரை போட்டு, தெக்கத்திப் பையன்கள் தங்கியிருக்கும் ஹாஸ்டல் மெஸ்களுக்குக் கொடுக்கிறவர். புது போர் ஓடினால் தன் கிணறு வற்றிவிடும் என்று மனு கொடுத்திருந்தார். அவர் கிணற்றில் ஊறுவது ஏரித் தண்ணீர் என்றால் போருக்குத் தடை இல்லை. பாறைத் தண்ணீர் என்றால் போரும் கிணறும் ஒரே இடத்தில் உறிஞ்ச வாய்ப்பு உண்டு. இதைச் சொல்வதுதான் எங்கள் வேலை.

நான் போய்ச் சேரும்போது மணி ஒன்று. கஸ்தூரி வாசலிலேயே நின்றிருந்தார்.

"த்ரீ ஃபேஸ் கரண்ட்டு பன்னெண்டுக்கே பூட்ச்சி மேடம், மோட்டார் ஓடாது. நீங்க வந்துட்டு சும்மா திரும்பக் கூடாதுன்னு காலைலயே ரெண்டு கொடம் புடிச்சி வெச்சிட்டேன். நல்லா தேச்சி கழுவுன கொடம். மூடி போட்டு வெச்சிக்கீறேன்."

அவ்வளவு அக்கறையாகச் செய்தவரிடம் என்ன சொல்வது? எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. நன்றி சொல்லி, குடத்தைச் சாய்த்து என் பாட்டிலில் ஊற்றிக்கொண்டேன். அளந்தால் ஒன்பது வந்தது. காபி குடித்துவிட்டு அதே குடத்தில் இன்னொரு பாட்டில் எடுத்தேன். ஐந்து வந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

"இந்தக் கெணறு இருக்கறதாலதான் நான் எவங்கிட்டயும் கை கட்டி நிக்கல," என்றார் கஸ்தூரி. "இது வத்திச்சினா நெலத்த புரோக்கருக்குக் குடுத்துட்டு, அதே கம்பெனில ஹவுஸ்கீப்பிங் போவ வேண்டியதுதான்."

2. ஒன்பதும் ஐந்தும்

மறுநாள் ஏரியில் அளந்தேன், ஒன்று. ஃபாக்டரியின் பழைய போரில் குழாய்த் தலையிலேயே டியூப் மாட்டி எடுத்ததில் அறுபத்து நான்கு. சந்தானம் சாருக்குச் சந்தோஷம்.

"கெணத்துல ஏரித் தண்ணிதான் ஹேமா, க்ளியரா இருக்கு. திங்கக்கிழமை ரிப்போர்ட் குடுத்துடலாம். ஃபாக்டரிக்கு வாய் வார்த்தையா சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஐந்து மனதில் வந்து நின்றது. ஒரே குடம், அரை மணி நேர இடைவெளி. ஒன்பது எப்படி ஐந்தாகும்? உப்பாக இருந்தால் மாறியிருக்காது. குடத்தில் கொட்டும்போதே வாயு போயிருக்கிறது, நின்றதில் போயிருக்கிறது, நான் சாய்த்து ஊற்றியதில் மிச்சமும் போயிருக்கிறது. நான் அளந்தது கிணற்றையே அல்ல. ஒரு பெண்ணின் ஒரு ஏக்கரை நான் காபி குடித்த நேரத்தில் காலி செய்யப் பார்த்திருக்கிறேன்.

உடனே சாருக்குப் போன் செய்தேன். பிடிபிடியென்று திட்டினார்.

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ் உங்களுக்கு! இத நான் சொல்லித் தரணுமா?"

"தப்புதான் சார். திரும்ப எடுக்கணும்."

பிறகு, "காலைல எட்டு மணிக்கு ரெடியா இருங்க, நானும் வரேன்," என்றார். ஆள் கோபக்காரர், ஆனால் வேலை தெரிந்தவர்.

3. ஊற்றுக்கண்

கஸ்தூரிக்கு ஆச்சரியம். "இன்னா மேடம் மறுபடியும்?"

மழுப்பாமல் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ஒம்போது மட்டும் போயிருந்தா?" என்றார்.

"போருக்கு ஓகே ஆயிருக்கும்."

அவர் என்னைத் திட்டவில்லை. நேராகப் போய் மோட்டாரைப் போட்டார். அது சார் திட்டியதைவிட அதிகமாக உறைத்தது.

இரண்டு மணி நேரம் இறைத்தோம். தேங்கிக் கிடந்த தண்ணீர் வடிந்து, அடிப்பாறையின் வெடிப்பில் ஊற்றுக்கண் தெரிந்தது. தண்ணீர் கசிந்துவரும் இடத்தில் டியூபின் நுனி நிற்கும்படி, சின்ன பம்பு ஒன்றோடு சேர்த்துக் கயிற்றில் இறக்கினோம். மேலே ஒரு வாளி, வாளிக்குள் பாட்டில், பாட்டிலின் அடிவரை டியூப். பாட்டில் நிரம்பி, வழிந்து, வாளியும் நிரம்பி வழிந்தது. தண்ணீருக்குள்ளேயே மூடியைத் திருகினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன், ஒரு குமிழ்கூட இல்லை.

"கொழந்திய குளிப்பாட்ற மாரி கீது," என்று கஸ்தூரி சிரித்தார்.

ஐம்பத்தெட்டு. இரண்டாவது பாட்டில் ஐம்பத்தேழு. சுத்தமான பாறைத் தண்ணீர். ஏரிக்கும் அந்தக் கிணற்றுக்கும் பெரிய உறவு இல்லை. அடுத்த வாரம் ஃபாக்டரியின் பழைய போரை ஒரு பகல் முழுக்க ஓடவிட்டுக் கிணற்றைப் பார்த்தோம். நீர்மட்டம் ஒரு சாணுக்கு மேல் இறங்கியது.

ரிப்போர்ட்டில் ஒன்பது, ஐந்து இரண்டையும் போட்டேன். குடத்திலிருந்து எடுத்தது, செல்லாது, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஃபாக்டரியின் மெயின்டெனன்ஸ் மேனேஜர் திருநெல்வேலிக்காரர். பக்கத்தைத் திருப்பியவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இந்தப் பழைய நம்பர் எதுக்கு மேடம் கெடக்கு? தூக்கிரலாம்லா?"

"அது நான் பண்ண தப்பு சார். அத மறைச்சிட்டா, இந்த அம்பத்தெட்ட நீங்க எதுக்கு நம்பணும்?"

புது போர் யோசனை கைவிடப்பட்டது. ஃபாக்டரியின் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் சுத்திகரித்த கழிவுநீரையே திருப்பி விடுகிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மீட்டர் யார் பக்கமும் பேசாது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். உண்மைதான். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் மட்டுமே. அது எங்கிருந்து, எப்படி வந்தது என்று நாம்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.