அம்மா பாடிய பாகம்

அம்மா போன பிறகு வந்த முதல் கோடையில், அப்பா வீடியோ காலில் கூப்பிட்டார். சாதாரண அழைப்பை அவர் எடுப்பதில்லை. முகம் தெரிய வேண்டும்.

"ஏட்டி எஸ்லின், நீ சத்தத்துக்குத்தான படிச்ச? ஆபீஸ்ல வச்சுக் கேக்கதுக்கு நல்ல ஸ்பீக்கரா பாத்துச் சொல்லு."

"என்ன பாட்டு கேக்கப் போறீங்க?"

"ஒரே பாட்டுதான்."

எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை.

அப்பா பெயர் ஞானஒளிவு. இளையரசனேந்தல் பக்கம் மானாவாரிக் காட்டில் பருத்தி பொறுக்கிய குடும்பம். மீசை முளைக்கும் முன்பே சங்கரன்கோவிலுக்கு வந்து விசைத்தறி ஷெட்டுக்குள் நுழைந்தவர். தறி ஃபிட்டர். எந்தத் தறி மக்கர் செய்தாலும் அவரைத்தான் தேடுவார்கள். முட்டி தேய்ந்ததும் தறித் தெருவிலேயே ஓர் அறை பிடித்து, நாடா, பல்சக்கரம், பெல்ட் என்று உதிரிபாகங்கள் விற்க ஆரம்பித்தார். வருகிறவர்கள் வாங்குவதை விட யோசனை கேட்டுப் போவதுதான் அதிகம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, பைபிள் வசனக் காலண்டர், பின்னால் இரும்பு ரேக். அதைக் கடை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆபீஸ்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேறு ஆள். கோவில் பாடகர் குழுவில் பேஸ், அதாவது அடிக்குரல் பாகம், பாடுவார். அம்மா, சுந்தரபாய், சோப்ரானோ, உச்சக்குரல். எங்கள் கோவிலில் பாடகர் குழு பலிபீடத்துக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்கும். இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். அப்பா பாமாலைப் புத்தகத்தைப் பிரித்துக் கையில் வைத்திருப்பார். பார்வை எதிர்ப்பக்கம் இருக்கும். கொயர் மாஸ்டர் தங்கசாமி ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்வார்: "ஓய், புஸ்தகத்தப் பாத்துப் பாடும். பொண்டாட்டிய வீட்ல போய்ப் பாத்துக்கிடலாம்."

"புஸ்தகத்துல என்ன இருக்குன்னு அவ வாய்லயே தெரியுதே அண்ணாச்சி."

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்.

அந்தப் பழக்கத்தால் அம்மா பாடும் வீடியோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. போனைத் தூக்கினாலே முந்தானை மேலே வந்துவிடும். இருப்பது ஒரே ஓர் ஒலிப்பதிவு. அம்மா படுக்கையில் விழுவதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் தங்கசாமி எடுத்தது. பெண்கள் பக்கம் ஒரு மைக், ஆண்கள் பக்கம் ஒரு மைக். அதைப் பென்டிரைவில் போட்டு அப்பாவிடம் கொடுத்திருந்தார். அப்பா அதை ஒரு சின்ன புளூடூத் பெட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"அதுல எல்லாம் கலந்து கூழா வருது மக்கா. அம்மையத் தனியாக் கேக்கணும்."

சென்னையில் ஒரு வாகனத் தொழிற்சாலையில் இரைச்சலை அளப்பது என் வேலை. எனக்கு இது கணக்காகத்தான் தெரிந்தது. ஒற்றைப் பெட்டி இரண்டு மைக்கையும் கலந்துவிடுகிறது. இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். பெண்கள் இடது பக்கத்தில் வருவார்கள். அம்மா அங்கே இருப்பார்.

கணக்கில் இடித்த எண் ஒன்று இருந்தது. போன வருடம் திருநெல்வேலியில் காது டாக்டர் காட்டிய வரைபடம். ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியதும் கோடு கிணற்றுச் சுவர் மாதிரி நேராகக் கீழே இறங்கியது, இரண்டு காதுக்கும். ஷெட் இரைச்சல் தின்றது. ஒரு குரலை இன்னொரு குரலிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த ஆயிரத்துக்கு மேலேதான் இருக்கிறது. காது மெஷின் வாங்கி மாட்டினோம். "தகர டப்பால கல்லப் போட்டு ஆட்டுத மாதிரி இருக்கு" என்று ஒரு வாரத்தில் கழற்றி வைத்துவிட்டார்.

இருந்தாலும் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். கோட்டின் விளிம்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். நல்ல ஸ்பீக்கரும் சரியான ஒலித் திருத்தமும் அதை எட்டலாம் என்று நினைத்தேன்.

ராஜபாளையம் ரோட்டில் ஷாஜித் என்பவரின் கடை. கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி அமைப்பவர். அப்பாவைத் தெரியும்.

"அண்ணாச்சி, இதப் பாருங்க. தனி வூஃபரோட வருது. போட்டா தரையே அதிரும்."

"தரை அதிர வேண்டாம்டே. ஆயுசுக்கும் அதிர்ந்தாச்சு."

நான் குறுக்கிட்டேன். அறை சின்னது. வூஃபர் வைத்தால் மூலையெல்லாம் குமுறும், பெண் குரல் அதில் மூழ்கிவிடும். மேஜையில் வைக்கிற ஜோடி போதும். நடுக்குரல் தெளிவாக இருக்க வேண்டும்.

"அக்கா நம்ம லைன்ல இருக்கவங்க போல" என்றார் ஷாஜித். மூன்று ஜோடிகளை எடுத்து வைத்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் அப்பாவின் நாற்காலிக்கும் இடையே முக்கோணம் சமமாக வரும்படி தள்ளி வைத்தேன். பென்டிரைவைச் செருகினேன்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்தது.

"இதுல இல்ல."

இரண்டாவது ஜோடி.

"இதுலயும் இல்ல."

"யாரு இல்ல அண்ணாச்சி?"

"எங்க வீட்டுல."

அம்மா போனது ஷாஜித்துக்குத் தெரியும், அடக்கத்துக்கு வந்திருந்தார். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார். ஷட்டரையும் பாதி இறக்கினார். மூன்று பேரும் வியர்வையில் உட்கார்ந்து மூன்றாவது ஜோடியைக் கேட்டோம். அதுதான் நல்ல ஜோடி. பெண்கள் வரிசையில் அம்மா இடமிருந்து இரண்டாவது. மூச்சு இழுப்பதுகூட எனக்குக் கேட்டது. நான் அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"இங்கன ரோட்டுச் சத்தம். ஆபீஸ்ல வச்சாக் கேக்கும்" என்றார் அப்பா. அந்த ஜோடியை வாங்கினோம்.

ஆபீஸிலும் கேட்காது என்று எனக்குத் தெரியும். சுற்றிலும் தறி. எங்கள் தெரு ஓய்வது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மட்டும்தான். அன்றைக்கு ஸ்பீக்கரும் ஓடாது. அப்பா அதையும் யோசித்து வைத்திருந்தார். மேஜைக்கு அடியில் புது இன்வெர்ட்டர் இருந்தது.

"என்னைக்கு ஷட்டவுன்னு கேட்டுட்டேன். அதுவரைக்கும் இரு மக்கா."

இருந்தேன். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். எதிரொலியை அடக்க இரும்பு ரேக்கின் மேல் அம்மாவின் பழைய போர்வையைத் தொங்கவிட்டேன். அப்பா போர்வையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த நாள் காலை ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அப்பா குளித்து, கோவிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ஷட்டரை இறக்கினேன். இன்வெர்ட்டர் விளக்கு எரிந்தது.

முதலில் திருத்தம் இல்லாமல் போட்டேன். அப்பா சட்டென்று சிரித்தார்.

"நாந்தான் கேக்கேன். நல்லாவே கேக்கேன். சனியன், இவ்வளவு சத்தமாவா பாடுவேன்?"

வலது பக்கத்தை முழுக்க மூடினேன். அப்பாவின் குரல் போயிற்று. இடது பக்கத்தில் பெண்கள் மட்டும். நடுக்குரலை ஏற்றினேன். மேல்குரலை இன்னும் ஏற்றினேன். எனக்குக் காது கூசியது. அப்பா தலையைச் சாய்த்து, ஒரு காதை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினார்.

"பொம்பளையாளு பாடுதாவ. ஆனா ஒரே ஆளு பாடுத மாதிரி இருக்கு. இதுல அம்மை யாரு?"

"இப்ப வந்தது அம்மாதான் அப்பா. மேல போகுதுல்ல, அது."

"எது?"

மறுபடி போட்டேன். அம்மாவின் இடம் வந்ததும் கையை உயர்த்திக் காட்டினேன். அப்பா என் கையைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை. அதற்குப் பிறகு திருத்துவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. பாட்டை நிறுத்தினேன். ஸ்பீக்கரில் வேறு செட்டிங் இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பொட்டியில குத்தமில்ல எஸ்லின்" என்றார் அப்பா. "அவ சத்தம் எனக்குக் கேட்டு ரொம்ப வருஷமாச்சு."

நான் அவரைப் பார்த்தேன்.

"ஷெட்டுல ஒருத்தன் சத்தம் ஒருத்தனுக்குக் கேக்காதுல்லா. வாயப் பாத்துத்தான் பேசிக்கிடுவோம். அப்படியே பழகிட்டு. வீட்லயும் அவ வாயத்தான் பாப்பேன். அவளுக்குத் தெரியும். உங்கிட்டச் சொன்னாளா?"

சொல்லவில்லை. ஆனால் நினைத்துப் பார்த்தால் அம்மா ஒரு நாளும் அடுப்படியில் இருந்து அப்பாவைக் கூப்பிட்டதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவருக்கு எதிரே நின்று, முகத்தைக் காட்டிவிட்டுத்தான் பேசுவார். மரியாதை என்று நினைத்திருந்தேன். இருட்டியதும் முதலில் விளக்கைப் போடுவதும் அதற்குத்தான்.

"கோவில்ல எதுக்க நிக்கும்போது அவ வாயப் பாத்தா எனக்குள்ள அவ சத்தம் வந்துரும். கல்யாணமான புதுசுல கேட்டது. வாயப் பாத்தாத்தான் வரும். இப்ப எதப் பாக்க?" என்றார். "இந்தப் பொட்டி கொண்டாந்துரும்னு நெனச்சேன்."

பிறகு அவர் எழுந்து தன் நாற்காலியை மேஜைக்கு வலது பக்கம் இழுத்துப் போட்டார். இன்னொரு நாற்காலியை இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், தனக்கு எதிராகப் போட்டார்.

"அவ பாகம் உனக்குத் தெரியும்லா?"

தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மா பக்கத்தில் நின்றுதான் பாடினேன். அம்மா மூச்சு எடுக்கிற இடத்தில் மூச்சு எடுக்கப் பழகினேன். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நான் எதுவும் பாடவில்லை.

"சத்தம் வேண்டாம். வாய மட்டும் அசைச்சாப் போதும். அவ மாதிரிதான் உனக்கும் வாய்."

போய் உட்கார்ந்தேன். ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிவிட்டார், என் முகத்தில் வெளிச்சம் விழும்படி. வலது பக்கத்தையும் திறந்துவிட்டேன். அப்பாவின் குரலும் வரட்டும். பாட்டு தொடங்கியது. இடது ஸ்பீக்கரில் அம்மா பாடினார். நான் அவரோடு வாயை அசைத்தேன். அப்பாவின் கண் என் உதட்டை விட்டு நகரவில்லை. இரண்டாவது அடியில் அவர் தாடை லேசாக ஆட ஆரம்பித்தது. பேஸ் பாகத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்பது போல ஒரு முறை தலையசைத்தார்.

மூன்றாவது அடியில் அம்மா மேலே ஏறும் இடம் வந்தது. என் உதடு நடுங்கியது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அப்பா முன்னால் குனிந்தார்.

"அழாதட்டி" என்றார். "வாய் தெரியல."