ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த ஒரு வீடு

சக்கரம் வைத்த எதையும் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று நான் நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்றபிறகு, தினமும் சிப்காட் சாலையில் போலீஸ்காரர் கைகாட்டக் கைகாட்ட வேலைக்குப் போய்வருகிற நான் இதை நம்பினேன். நிற்கிற வண்டிக்கு அட்வான்ஸ் கிடையாது, என்ன வியாதி என்று விசாரிக்கிற வீட்டுக்காரர் கிடையாது. இந்தத் தத்துவத்தை எங்கள் ஃபோர்மேனிடம் எடுத்துச் சொன்னவனும் நானே. அப்போது அவர் கையில் பாதி குடித்த டீ இருந்தது. கிளாஸை வெல்டிங் மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் மூலையில் நின்ற பழைய டிரெய்லரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை அங்கேயே நிறுத்த எனக்கு ஒரு விநாடி இருந்தது. நான் அந்த விநாடியில் இன்னொரு ஜோக் சொன்னேன்.

டிரெய்லர் என்றால் கும்மிடிப்பூண்டியில் இரும்புச் சுருளைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு சாலையை அடைத்துப் போகும் நீள வண்டி. எங்களுடையது அதற்குக் கொள்ளுப்பேரன் முறை. இரண்டே சக்கரம், முன்னால் ஒரு கொக்கி, மேலே பத்தடிக்கு ஆறடியில் மூடிய தகரப் பெட்டி. வெளியூர் வேலைகளுக்கு வெல்டிங் சாமான் ஏற்றிப்போகக் கம்பெனி எப்போதோ செய்தது, பிறகு மறந்துவிட்டது. எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஃபோர்மேன் கேட்டதற்கு, இடம் காலியானால் போதும் என்று சொல்லிவிட்டார் முதலாளி. அதை ஒரு சின்ன வீடாக மாற்றுவது, என் அப்பா விட்டுப்போன பழைய ஜீப்பில் மாட்டி இழுத்துப்போய்ச் சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நிறுத்துவது, அண்ணியை அதில் படுக்க வைப்பது. இதுதான் திட்டம். பத்து நாளில் முடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

அண்ணி என்பது ஃபோர்மேனின் மனைவி. சிப்காட்டுக்கு வேலை தேடி வந்த பையன்களுக்கு இருபது வருடம் மெஸ் நடத்தியவர். கல்யாணத்துக்கு முன் நானும் அங்கேதான் சாப்பிட்டேன். குழம்பு ஊற்றும்போதே நம் சட்டை, சம்பளம், நடத்தை எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுவிடுவார். இரண்டாவது கரண்டி அந்த மார்க்கைப் பொறுத்தது. அப்படி ஓயாமல் பேசிய தொண்டையில்தான் கட்டி வந்தது. முப்பத்தைந்து நாள் கரண்ட் வைக்கவேண்டும் என்றார்கள். கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சனி, ஞாயிறு தவிர தினமும் போகவேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து யூனிட் என்கிற மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து பஸ், அப்புறம் வரிசை. மேஜையில் படுப்பது பத்து நிமிடம். அதற்குப் போக, வர, காத்திருக்க ஏழு மணி நேரம். திருப்பாச்சூரில் கட்டிக்கொடுத்த மகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவள்ளூர் ரயிலில் சென்ட்ரலுக்கு வந்துவிடுவாள். அம்மாவும் பெண்ணுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, திரும்பி வந்து, ஆளுக்கொரு ரயில் ஏறுவார்கள்.

பக்கத்திலேயே அறை எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டோம். இலவசமாகத் தங்கும் இடத்தில் பெயர் எழுதி வைத்தோம். எங்களுக்கு முன்னால் இருந்த பெயர்களைப் பார்த்தால் அடுத்த வருஷத்துக்குத்தான் முறை வரும்போலிருந்தது. வாடகைக்கு விடுகிறவர்கள் எந்த வியாதி என்று கேட்டார்கள்; சொன்னதும் அறை காலி இல்லாமல் போனது. இரண்டாம் கரண்ட் வைத்துவிட்டு வந்த அன்று அண்ணி பொன்னேரியிலேயே இறங்கி, பிளாட்பாரத்தில் குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்திருக்கிறார். அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம். இதை ஃபோர்மேன் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். அதற்குத்தான் நான் அந்தச் சக்கரத் தத்துவத்தைச் சொன்னது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். செய்வது அவர். நிறுத்த இடம் பார்ப்பது நான். எனக்கு வாய் இருக்கிறது என்பதால் இந்தப் பொறுப்பு. சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். ஆஸ்பத்திரி கேட்டில் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர், யாரைப் பார்க்கணும் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ரயிலில் வரும்போது நான் ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும், பாட்டரி தீர்ந்த போன் மாதிரி, அணைந்துவிட்டது. "எனக்குத்தாங்க தொண்ட வலி" என்றேன். அவர் பரிவோடு என் தோளைப் பிடித்து வரிசையில் நிறுத்தினார். சீட்டு எழுதினார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை ரொம்ப நன்றாக இருக்கிறது, வெந்நீர் குடியுங்கள் என்றார். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் அன்றைக்கு அந்த வார்த்தையைக் கேட்டவன் நான் ஒருவன்தான். சந்தோஷப்படுவதா, ஓடுவதா என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வெளியே தெருத்தெருவாக நடந்தேன். கடைசியில் ஒரு டீக்கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, இங்கே ஒரு ராத்திரி நின்ற வண்டிக்கு மறுநாள் சக்கரத்தில் பூட்டு, அதற்கும் மறுநாள் வண்டியே இருக்காது என்றார். "அதுல பேஷன்ட வேற வெச்சுக்கினு இன்னாணா பண்ணுவ?" என்றும் கேட்டார். ஊருக்குத் திரும்பினேன். ஷெட்டில் ஃபோர்மேன் பெட்டியின் தகரத்தைத் தேய்த்துத் துரு எடுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவப்புத் தூள்.

"இன்னா நைனா, எடம் கெடச்சுதா?"

"கெடச்சாச்சுணா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேப்ப மரத்து நெழலு. தெருவுக்கு எடது பக்கம்" என்று சேர்த்தேன்.

அவர் சாக்பீஸை எடுத்துப் பெட்டியின் இடது பக்கத்தில் ஒரு சதுரம் வரைந்தார். ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் அவளுக்கு மரம் தெரியும் என்றார். இல்லாத மரத்தைப் பார்க்க மறுநாள் ஜன்னல் வெட்டினோம்.

அன்றிலிருந்து என் பயத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. வண்டி முடிந்துவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன்? பூட்டோடு போலீஸ் வரும், ஃபோர்மேன் என்னைப் பார்ப்பார், அண்ணி படுத்தபடியே மார்க் போடுவார். வெந்நீர் குடித்தேன். அது ஒன்றுதான் எனக்கு எழுதிக்கொடுத்த மருந்து. இந்த நிலையில், வண்டி முடியாமல் இருப்பதற்கான வழியை ஃபோர்மேனே கொண்டுவந்து கொடுத்தார்.

மனித ஜாதி கட்டில் என்றால் மரம் என்று நினைக்கும். நாங்கள் முப்பது வருஷமாகப் பாய்லரைத் தாங்கும் கால்கள் செய்கிறவர்கள். கட்டிலுக்கு அவர் போட்டது அந்தப் பாய்லர் கால்களுக்குப் போடுகிற இரும்பு. அவள் திரும்பிப் படுத்தால் ஆடக்கூடாது என்றார். தரைக்கு லாரிப் படியில் இருக்குமே, மேடு தட்டிய தகடு, ஐந்து மில்லி கனத்தில். கால் வழுக்கக்கூடாது. சுற்றிலும் பிடித்துக்கொள்ளக் குழாய். மேலே வெயில் இறங்காமல் இருக்க இன்னொரு கூரை, நடுவில் பாய்லருக்குச் சுற்றுகிற பஞ்சு. தண்ணீருக்குத் தொட்டி, கசியக்கூடாது என்று இரண்டு சுற்று வெல்டிங். ஏறி இறங்கப் படிக்கட்டு. அதில் யானை ஏறலாம். ஒவ்வொன்றையும் செய்து முடித்துவிட்டுத் தள்ளி நின்று, அவள் கை எங்கே படும், கால் எங்கே இடிக்கும் என்று பார்த்து, கூர் தெரிகிற இடத்தையெல்லாம் தேய்த்து வழுவழுப்பாக்குவார். வீட்டில் அவளிடம் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசத் தெரியாதவர். அவளுக்கு விழுங்க வலிக்கிறது என்று என்னிடம் சொல்லும்போதுகூட, ஆந்திர எல்லையில் எங்களுக்குப் பழகிய தெலுங்கில்தான் சொல்வார், யாரோ வேறு ஊர்க்காரியைப் பற்றிச் சொல்வது மாதிரி.

கம்பெனியில் என் உத்தியோகம் இன்ஸ்பெக்டர். செய்ததைத் தட்டிப் பார்த்து மஞ்சள் பெயின்டில் ஓகே என்று எழுதுவது. இரும்பு வேலை செய்கிற எவனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு எண் சொல்வான்: ஏழு புள்ளி எட்டு ஐந்து. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தகடு, ஒரு மில்லி கனத்துக்கு அத்தனை கிலோ. எந்த வேலைக்கும் முதலில் போடுகிற கணக்கு அது. ஃபோர்மேன் அதைப் போடவில்லை. தன் பெண்டாட்டி படுக்கிற கட்டிலை யார் எடைபோடுவார்கள்? நான் போட்டேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த சீட்டின் பின்பக்கத்தில் போட்டேன். தரை மட்டுமே இருநூற்று இருபது கிலோ வந்தது. மற்றதைக் கூட்டிக்கொண்டே போனபோது, என் ஜீப்பால் இதைச் சென்னைவரை இழுக்க முடியாது என்று தெரிந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்து அவர் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்தபோது பெயின்ட் டப்பாவை எடுத்து ஓகே என்று எழுதினேன். எடை கூடக்கூட எனக்கு மூச்சு சீராக வந்தது.

பத்து நாள் ஒரு மாதத்தைத் தாண்டியது. ஷிப்ட் முடிந்து சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்று ஷெட்டிலேயே கிடந்தோம். ஃபோர்மேன் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. வண்டியை அங்கே நிறுத்தியதும் அவளோடு இருக்கவேண்டும் என்று லீவையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி ஒவ்வொரு நாளாக ரயிலில் கழித்துக்கொண்டிருந்தார்.

இருபத்தேழாவது கரண்ட் அன்று மதியம் வண்டி தயார் என்றார். ஜீப்பை மாட்டினோம். லாரிகளை எடைபோடும் மேடை எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது. சும்மா ஏற்றிப் பார்ப்போம் என்றார். அந்தச் சாலையைத் தாண்டி மேடையில் ஏறியபோதே ஜீப்பின் கிளட்ச் கருகிப் புகை வந்தது. மேடைக்காரன் கண்ணாடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

"காலி வண்டின்னு சொன்ன. உள்ள இன்னாணா லோடு?"

"ஒரு பெட்டு. ஒரு ஃபேனு" என்றார் ஃபோர்மேன்.

அவன் இறங்கி வந்து கதவைத் திறந்தான். கட்டிலை விரல் மடக்கித் தட்டினான். "இது பெட்டா? இத்த வெச்சு ஆரணி ஆத்துக்குப் பாலம் கட்லாம்ணா." உள்ளே போய்ச் சீட்டு அடித்துக் கொடுத்தான். ஜீப்பைக் கழித்து ஆயிரத்து எழுநூற்று அறுபது கிலோ. என் ஜீப் இழுக்கக்கூடியதைப் போல இரண்டு பங்குக்கு மேல். ஃபோர்மேன் சீட்டைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். கிட்டே கொண்டுவந்து படித்தார். மடித்து என் கையில் கொடுத்தார்.

"நீ கணக்கு போடலியா, நைனா?"

"கட்டிலுக்குக் கூடவா கணக்கு போடுவாங்க" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். என்னை நம்பினார் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் என்னால் உட்கார முடிவதில்லை. சட்டைப் பையில் இரண்டு சீட்டுகளும் சேர்ந்து கிடந்தன. இதுவரை அவரிடம் சொன்னதில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

வெட்டிக் குறைத்துவிடலாம், எட்டு நாள் போதும் என்று பேசிக்கொண்டே அவர் வீட்டுக்கு நடந்தோம். அண்ணி அப்போதுதான் ரயிலிலிருந்து வந்திருந்தார். கழுத்துத் தோல் கருத்து உரிந்திருந்தது. சுவரில் சாய்ந்து, வீங்கிய இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் எடைமேடைக் கதையை நடித்துக் காட்டினேன். பாலம் வரைக்கும் சொன்னேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, வலித்ததால் நிறுத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக, உள்ளே எதையோ தாண்டி வருவதுபோலப் பேசினார்.

"வண்டி நல்லாத்தான் இருக்கும் தம்பி. உங்க அண்ணன் கை வெச்சது. ஆனா வர்றப்ப சென்ட்ரல்ல கும்பல் ஏறுது பாரு, எனக்கு ஓடி ஏற முடியல. பொண்ணு கொழந்தய வெச்சுக்கினு அந்தாண்ட ரயிலுக்கு ஓடறா. ரெண்டு பேர்ல ஒருத்தரு வந்து துண்டு போட்டு எடம் புடிச்சிருந்தா, நான் குந்திக்கினு வந்திருப்பேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. உப்பு கொஞ்சம் குறைச்சல் என்பதுபோலச் சொன்னார். ஃபோர்மேன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரெய்லரை நாங்கள் வெட்டவில்லை. இப்போது அதில் வெல்டிங் கம்பிப் பெட்டிகளை அடுக்குகிறார்கள். இரட்டைக் கூரை, ஈரம் இறங்காது, இவ்வளவு உறுதியாக யார் செய்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். கம்பெனியில் செய்ததுதான் என்று சொல்கிறேன். ஃபோர்மேன் ஓய்வு பெற்றுத் திருப்பாச்சூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போனால் டீ வரும், பேரனைப் பற்றிப் பேசுவோம்.

அண்ணி அப்படிச் சொன்ன மறுநாளிலிருந்து ஃபோர்மேன் லீவு போட்டுக் கூடவே போனார். சென்ட்ரலில் ரயில் நிற்பதற்குள் ஏறி இடம் பிடித்தார். மீதியிருந்த எட்டு நாளும் அண்ணி உட்கார்ந்து வந்தார். அதற்கு முன் இருபத்தேழு நாள் நின்றுகொண்டு வந்திருக்கிறார். கட்டி கரையவில்லை. மாசி மாதம் இறந்துபோனார்.