அக்கா உருட்டாத முட்டை

எங்கள் அக்கா பருத்தித்துறையில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில், பன்னிரண்டு வயதுத் தம்பியான என்னையும் கையில் பிடித்துக்கொண்டு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். பிறகு எசன் நகரத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவித்தான் என்னைத் தொழிற்பயிற்சி முடிக்க வைத்தார். தன் காலுக்கென்று ஒரு நல்ல சப்பாத்துக்கூட வாங்காத மனுசி.

அங்கே சமையல் செய்த ஸ்கொட்லாந்துக்காரரை அக்கா விரும்பி மணந்தார். கலியாணத்துக்குப் போகக்கூடாது என்று ஊரிலிருந்து அப்பா எனக்குச் சொன்னார். நான் போகவில்லை. வளர்த்தவரின் கலியாணத்துக்கே போகாத பெரிய மனிதன் நான். பிறகு வேலைக்கென்று மியூனிக்குக்குப் போய்விட்டேன். அப்பாவே மனம் மாறி அத்தானோடு கதைக்கத் தொடங்கிய பின்பும், எந்த முகத்தோடு போவது என்ற வெட்கம் என்னை விடவில்லை.

அத்தானின் ஊர்ப் பழைய வழக்கம் ஒன்று அக்காவுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. உயிர்த்த ஞாயிறன்று, வெங்காயத் தோலோடு அவித்து நிறமேற்றிய முட்டைகளை மேட்டிலிருந்து உருட்டுவார்கள். இயேசுவின் கல்லறைக் கல் உருண்டதன் நினைவாம். உடையாமல் கீழே சேரும் முட்டைக்குரியவருக்கு அது நல்ல வருடம். எசனில் சுரங்கக் கழிவு குவித்த மேடுகளுக்கா பஞ்சம்? அக்கா என் பெயரெழுதிய முட்டை ஒன்றையும் கொண்டுபோவார். மத்தியானம் போன் வரும்.

“தம்பி, உன்ர முட்டை உடையேல்லை. வாற வருசமாவது நீயே வந்து உருட்டடா.”

“ஓம் அக்கா, வாறன்” என்பேன். ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட முடியாத சந்திப்பென்று ஏதாவதொரு டெர்மின் குறுக்கே வரும், அல்லது நானே வரவழைப்பேன்.

சென்ற ஆண்டு அக்கா படுக்கையில் விழுந்த பிறகுதான் போனேன். அவருக்குக் கதைக்க ஏலாத நிலை. என் கையைப் பிடித்தபடியே கிடந்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இந்த உயிர்த்த ஞாயிறன்று அத்தானோடு மேட்டில் ஏறினேன். அப்போதுதான் அவர் சொன்னார். அக்கா என் முட்டையை ஒருமுறைகூட உருட்டியதில்லையாம். உடைந்தால் தம்பிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பயந்து, கைக்குள் பொத்தி, அடிவாரம்வரை நடந்தே கொண்டுபோய் வைப்பாராம். முழங்கால் வலி வந்த பிறகும் அப்படித்தானாம். அங்கேயே குந்தியிருந்து அழுதேன். பிறகு என் முட்டையை நானே உருட்டினேன். பாதி வழியிலேயே உடைந்தது.

அக்காவை இறுதிவரை பார்த்த தாதியருக்கும், துக்கம் காத்த முப்பத்தொரு நாளும் சோறு கொண்டுவந்த எசன் உறவுகளுக்கும், ஒரு கேள்வியும் கேட்காமல் எனக்குக் கதவு திறந்த அத்தானுக்கும் எங்கள் நன்றி. அக்காவுக்குச் சொல்ல இவ்வளவுதான் மிச்சம்.

வந்தனான், அக்கா. பிந்திப்போச்சு.