ஏழு சோற்றோடு திம்பம் ஏறினேன்

காலை ஏழரை மணிக்குச் சத்தியமங்கலத்தில் மைசூர் பஸ் ஏறினேன். நூற்றிருபது, நூற்றுமுப்பது கிலோமீட்டர்தான். ஆனால் நடுவே திம்பம் மலை, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. மடியில் ஒரு பெரிய கூடை. கூடைக்குள் ஏழு டப்பாக்கள், ஏழிலும் ஏழு வகைச் சோறு.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதத்தில் பெற்றவள் ஒற்றைப்படையில் சோறு கட்டிக்கொண்டு போய், மகளுக்குப் போட்டு, கையோடு அழைத்து வந்துவிடுவாள். கட்டுச்சோறு என்போம். என் மகள் சுகன்யா மைசூரில் நர்ஸ். "இங்கயே பெத்துக்கறேம்மா, நம்ம டாக்டர் இங்கதான இருக்காங்க" என்று போனில் சொல்லிவிட்டாள். ஊர் பேசுவது கிடக்கட்டும். அவள் வலியில் துடிக்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டாமா? போய் நின்றால் வராமலா இருப்பாள்? மறுநாளே கார் பிடித்து அழைத்து வருவதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, மாற்றுச்சேலை ஒன்றே ஒன்றோடு கிளம்பினேன்.

பண்ணாரியில் வண்டி நின்றது. ஜன்னல் வழியே அம்மனைக் கும்பிட்டேன். என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் ஷோபா, புருஷன் வீடு சாம்ராஜ்நகர், பேச்சில் கன்னடம் கலந்திருந்தது. மேடிட்ட வயிற்றைப் பார்த்துக் கேட்டேன். ஐந்து மாதமாம்.

அடிவாரத்திலிருந்து வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. கீழே பார்த்தால் நாம் வந்த ரோடே நம் காலடியில் தெரிகிறது. பார்க்காமல் இருப்பது உத்தமம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஷோபா முன்கம்பியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"முடியலையா கண்ணு?"

"பரவால்ல ஆன்ட்டி. சொல்ப நேரந்தானே, மேல போனா சரியாய்டும்."

மேலே போனால்தானே! பாதி மலையில் கரும்பு லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். போனில் சிக்னல் எடுக்கவில்லை. பத்தே நிமிடம் என்றார் கண்டக்டர். அவர் சொன்ன பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரம் ஓடியது.

ஷோபா காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, வாந்தி வரும் என்ற பயம். இப்போது கண் செருகியது. கட்டுச்சோற்றை மகள் கை படுமுன் பிரிக்கக் கூடாது. கூடையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்துவிட்டேன். மாசமாக இருக்கிறவளுக்குக் கட்டியது மாசமாக இருக்கிறவளுக்கே போகட்டும்.

அவள் பாதி தின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது: மீதி ஆறு. ஆறு ஆகாதே! வேறு வழியில்லாமல் எலுமிச்சைச் சோற்றையும் திறந்து கொடுத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். ஆனால் சிரித்துக்கொண்டே வெளியே பார்த்தபோது உள்ளே சில்லென்றது. இவள் இடத்தில் சுகன்யா இருந்து, இந்த இடத்தில் வலி கண்டால்? காரில் வந்தாலும் இதே மலை, இதே லாரி.

ஆசனூர் தாண்டி, கர்நாடக எல்லைச் சாவடி தாண்டி, சாம்ராஜ்நகரில் ஷோபா என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு இறங்கினாள். அதன்பின் எல்லாம் சமவெளி. நஞ்சன்கூடு, தென்னந்தோப்புகள், பலகைகளில் கன்னடம், தூரத்தில் சாமுண்டி மலை. நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. மகளிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மைசூரில் இறங்கும்போது மணி ஒன்றரை. ஆட்டோ பிடித்து அக்ரஹாரம் என்கிற பகுதியில் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மருமகன், "பன்னி அத்தே, பஸ் லேட்டா?" என்று கூடையை வாங்கிக்கொண்டார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பிள்ளை, பேச்சில் பாதி கன்னடம்; 'பன்னி' என்றால் 'வாங்க'. அவருக்குப் பின்னால் சுகன்யா. அவள் காலடியில் கட்டி வைத்த பெட்டி.

"எதுக்குக் கண்ணு பெட்டி?"

"நீ ராத்திரியெல்லாம் முழிச்சு ஏழு சோறு கட்டுனேன்னு அப்பா சொன்னாரும்மா. அப்பறம் எப்படி வரமாட்டேன்னு சொல்றது? டாக்டரம்மாகிட்ட கேட்டேன், ஜாக்கிரதையாப் போகச் சொன்னாங்க. நாளைக்குப் போலாம்."

"நீ ஒண்ணும் வரவேண்டாஞ் சாமி. நான் அந்த ரோட்டப் பார்த்துட்டு வந்துட்டேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. "கூட்டிட்டுப் போறதுக்குத்தான வந்தே?"

"இல்ல. இருக்கறதுக்கு வந்தேன்."

முதலில் அவளை உட்காரவைத்து ஐந்து சோற்றையும் பரிமாறினேன். பிறகு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பறீங்க?" என்றார்.

"நாங்க வரலீங்க. கொழந்த பொறக்கற வரைக்கும் நான் இங்கதான்."

மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்று கேட்கப்போகிறார் என நினைத்தேன்.

"ஒத்தச் சேலையோட போனியே," என்றார். "நாலஞ்சு எடுத்துட்டு நானே வர்றேன்."