ஒரு ரொக் கேசட்டைப் பாராட்டிய பாவம்

போன திங்கட்கிழமை விடியற்காலை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து அறையில், போர்வைக்குள் இருந்தபடி, நான் ரொக் இசைக்குத் தாளம் போட்டேன்.

சிரிக்காதீர்கள். ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று என் மனைவி கேட்டாயிற்று.

எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் தர்மலிங்கம், மகளின் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தான். தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தோட்டம். கேக் வெட்டி, சோறு சாப்பிட்டு, கதைத்து முடிவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. "இங்கயே படுத்துட்டுப் போங்க சார்" என்றான். படுத்தேன்.

விடிய ஐந்தரை இருக்கும். வெளியே யாரோ தப்புப் பறை அடித்தார்கள். இரண்டு அடி, ஒரு நிறுத்தம்... பிறகு சரசரவென்று வேகம். தூக்கம் பறந்துவிட்டது. அட, இது எனக்குத் தெரிந்த அடியல்லவா! 'கவ்வாத்து' கேசட்டின் முதல் ட்ராக்!

பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். தொண்ணூறுகளின் நடுவில் ஹட்டன் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஹார்ட் ரொக் குழு அமைத்தார்கள். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடும் வேலைக்குத் தோட்டத்தில் கவ்வாத்து என்று பெயர். அதையே குழுவுக்கும் வைத்தார்கள். கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் 'ஆறாம் நம்பர் மலை' என்று ஒரு ஆல்பம் பதிவு செய்தார்கள். ட்ரம்ஸ் அடித்தவன் ரவி. முதல் ட்ராக்கில் அவன் அடித்தது தப்பு. பாட்டு வரிகளே கிடையாது. இரண்டு நிமிஷம் தப்பு தனியாக, அப்புறம் கிட்டார்கள் வந்து மேலே விழும்.

அந்தப் பதிவே ஒரு கூத்து. தப்பின் தோலைச் சூடு காட்டினால்தானே சத்தம் வரும்? ஸ்டூடியோ வாசலில் பேப்பரைக் கொளுத்தினானாம். "மொக்கத கரன்னே?", என்ன செய்கிறாய் என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு செக்யூரிட்டி ஓடி வந்தானாம். கடைசியில் ஸ்டூடியோக்காரரின் வீட்டிலிருந்து அயன் பொக்ஸ் வரவழைத்து, தோலுக்குச் சூடு வைத்து அடித்தானாம்.

ஆல்பம் வந்தது. வரவேற்பு? ரேடியோக்காரர்கள், "தப்பு அடித்தால் ரொக் ஆகுமா?" என்றார்கள். ஊர்க்காரர்கள், "ஏன்டா இந்தக் கத்துக் கத்துறீங்க?" என்றார்கள். பத்திரிகைகள் வாயே திறக்கவில்லை. அந்தக் கேசட்டுக்கு வந்த ஒரே ஒரு விமர்சனம், இந்தப் பத்தியில் நான் எழுதியதுதான்.

என்ன எழுதினேன்? மனப்பாடமாகத் தெரியும், அவ்வளவு பெருமை எனக்கு. "முதல் ட்ராக்கில் திருவிழாக் காலையின் துள்ளல்! கேட்டவுடன் கால் தானாக எழும்புகிறது." ரவி அப்போது நன்றி சொல்லிக் கடிதம்கூடப் போட்டான்.

போன மாதம் அவனே போன் பண்ணினான். ஆல்பத்தை சிடியாகக் கொண்டுவரப் போகிறார்களாம். "நீங்க எழுதுனத அட்டையில போட்டுக்கலாமா சார்?" கரும்பு தின்னக் கூலியா? தாராளமாகப் போடுங்கோ என்றேன்.

இப்போது லயத்துக்கு வருவோம். நான் எழுந்து உட்கார்ந்து முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறேன். தர்மலிங்கத்தின் மனைவி லெட்சுமி கொழுந்து பறிப்பவள். ஒரு கையில் ரொட்டி, மறு கையால், செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றும் படங்குச் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"என்னங்க சார், தாளம் போடுறீங்க?"

"நல்ல அடி பிள்ளை! கோயில்ல திருவிழாவோ?"

தர்மலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். லெட்சுமி சிரிக்கவில்லை.

"திருவிழாவா? பெரட்டுத் தப்புங்க சார் அது! அதக் கேட்டாலே வயித்தக் கலக்கும். புள்ளைக்குக் காய்ச்சலா இருந்தாலும் போட்டுட்டு ஓடணும். லேட்டாப் போனா, இன்னைக்கு வேல இல்லன்னு திருப்பி அனுப்பிருவாங்க."

சொல்லி முடிப்பதற்குள் கூடையோடு வாசலைத் தாண்டிவிட்டாள்.

பெரட்டு என்றால் எனக்கும் தெரியும்தான். காலையில் தொழிலாளரை நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து விடுவது. பல தோட்டங்களில் இப்போது அதற்குச் சங்கு ஊதுகிறார்கள். இங்கே இன்னும் தப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து ஹட்டன் டவுனில் இருபது வருஷம் இருக்கிறேன்... அந்தச் சத்தத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. டவுன் வரைக்கும் அது வராது. வந்தாலும் அந்த நேரம் நான் நல்ல தூக்கம்.

அப்படியென்றால், பத்து வருஷத்துக்கு முன்பு நான் எதைத் திருவிழா என்று எழுதினேன்? அதுவும் இப்போது சிடி அட்டையில், என் பெயரோடு!

முதல் பஸ் பிடித்து நேரே டிக்கோயாவுக்குப் போனேன். ரவி அங்கே லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறான்.

"தம்பி, அந்த விமர்சனத்தைப் போடாதேங்கோ. நான் பிழையா எழுதிப்போட்டன். அது பெரட்டுத் தப்பெண்டு எனக்கு இண்டைக்குக் காலமைதான் தெரியும்."

அவன் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான். "மொதல்ல உக்காருங்க சார். டீ குடிங்க."

"கோபமில்லையோ?"

"அப்ப இருந்துச்சுங்க. நல்லாவே இருந்துச்சு."

பிறகு சொன்னான். நான் எழுதியதை வாசித்துவிட்டு, அவர்களுடைய தோட்டத்துக் கோயில் கமிட்டி ஆட்கள் திருவிழாவுக்கு அவர்களைக் கூப்பிட்டார்களாம். திருவிழாத் துள்ளல் என்று பத்திரிகையிலேயே போட்டிருக்கிறதே! சொந்தத் தோட்டத்தில் முதல் மேடை. இவர்களும் ஆசையோடு முதல் ட்ராக்கை அடித்திருக்கிறார்கள். ஒரு நிமிஷம் போகவில்லை.

"லீவு நாள்லயுமாடா பெரட்டுக்குக் கூப்புடுறீங்கன்னு எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க சார். மைக்கைப் புடுங்கிட்டாங்க. முன்னுக்கு உக்காந்திருந்த எங்கம்மாதான் மொதல்ல எந்திரிச்சுப் போனாங்க. முப்பது வருசம் அந்தத் தப்புக்கு ஓடுனவங்க. ஒரு வாரம் எங்கூடப் பேசல."

அதோடு குழு கலைந்துவிட்டதாம். திட்டி எழுதியிருந்தால் பையன்கள் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். புரியாமல் புகழ்ந்தால் பாவம், நன்றிக் கடிதமல்லவா எழுதவேண்டியிருக்கிறது!

"ஒரு வாரம் கழிச்சு அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா சார்? 'நல்லாத்தான்டா அடிச்ச. அதான் தாங்க முடியல.' எங்களுக்கு வந்த உண்மையான விமர்சனம் அதுதாங்க."

"அப்ப அதைப் போடுங்கோ. என்ர ஏன்?"

"ரெண்டையும் போடுறோம் சார். நீங்க எழுதுனத வாசிச்சாத்தான், டவுன்ல இருக்கவங்களுக்கு அது திருவிழாவாக் கேக்குதுன்னு தெரியும், நாங்க ஏன் அந்தப் பாட்டப் போட்டோம்னும் ஆளுங்களுக்கு வெளங்கும்." கொஞ்சம் தயங்கினான். "போன்ல சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. தப்பா நெனைக்காதீங்க. கால் தானா எழும்பும்னு எழுதுனீங்க பாருங்க... அது மட்டும் சரிங்க சார்."

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் அடித்ததில்லை. அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. போடு தம்பி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை. என் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'இதை எழுதியவர் காலை ஏழு மணிக்கு எழும்புபவர்.'

நேற்று போன் பண்ணினான். அட்டை அச்சுக்குப் போய்விட்டதாம். போகுமுன் அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினானாம். கடைசி வரியைக் கேட்டதும்தான் அம்மா வாய் திறந்தாராம்.

"ஏழு மணிக்கா? குடுத்து வச்ச மனுசன்!"